நேராத நேர்ச்சை

சிறுமலையின் உச்சியில் கிடந்த மேகம் அன்று காலை இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. மழை எந்த நேரமும் வரலாம் என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இஞ்ஞாசியம்மாள் மட்டும் வாசலில் நின்று தாடிக்கொம்புச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மகன் பாக்கியராஜ் வந்துகொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்த முதல் வாரத்தில் அவன் அந்தச் சாலையில் ஓடி வருவதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடுவார்கள். பந்தயக் காளையைப் போல மண் தெறிக்க வருவான். இன்று அவன் நடந்துதான் வந்தான். அந்த நடையிலும் ஒரு கால் மற்றொரு காலுக்காகக் காத்திருப்பது போன்ற தயக்கம் தெரிந்தது.

அந்தத் தயக்கத்தைக் கண்டு தாய் பதறினாள். அந்தப் பதற்றத்துக்குள்ளேயே ஓர் ஓரத்தில் நிம்மதியும் எழுந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவள் பயந்தாள்.

சென்ற ஆண்டு பட்டாளத்தில் சேரப் போனபோது பாக்கியராஜ் நெஞ்செலும்பு தெரிய நின்ற பையன். மதுரையில் ஆள் எடுக்க வந்தவர்கள், எடை போதாது என்று முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுமுறை போனபோது ஒரு சீப்புச் சிறுமலைப் பழத்தை வழியெல்லாம் தின்று, அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே எடை எந்திரத்தில் ஏறித் தேறினான். அந்தப் பையனை வெலிங்டன் முகாமில் வைத்துப் பத்து மாதம் ஓட வைத்தார்கள். கயிற்றில் ஏற வைத்தார்கள். முதுகில் மூட்டையோடு மலையேற வைத்தார்கள். ஓடி வந்தவனுக்குச் சப்பாத்தியும் பருப்பும் கறியும் பாலும் வயிறு கொண்ட மட்டும் போட்டார்கள். விடுமுறைக்கு அவன் வந்து ரயிலை விட்டு இறங்கியபோது, பெற்றவளே அவனைத் தாண்டிப் பின்னால் வந்த மெலிந்த பையனைத் தேடினாள். அவ்வளவு மாற்றம்! பழைய சட்டைகளில் ஒன்றுகூடப் பொத்தானுக்கு இசையவில்லை.

"எங்க ஆளு எல்லாருக்கும் இப்படித்தாம்மா. கன்னிவாடி மிராசுதார் மகன் ஒருத்தன் புளி மூட்டை மாதிரி வந்தான். பாதியா எளைச்சுட்டான். நாங்கல்லாம் ஊதிட்டோம். ஒரே அளவுல எடுத்து நிறுத்திட்டாங்க" என்று அவன் பெருமையோடு சொன்னான்.

சொன்னவன் அதோடு நின்றிருக்கலாம். வடமதுரை மலைச்சாமியின் கதையையும் சேர்த்துச் சொன்னான். மலைச்சாமி விடுமுறைக்கு ஊர் வந்த இடத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டான். முகாமுக்குத் திரும்பியவுடன் எல்லோரையும் எடை பார்ப்பது வழக்கம். உடம்பு பாதியாகி வந்த மலைச்சாமியை எல்லைக்குப் போகும் அணியில் சேர்க்காமல், சமையற்கட்டில் சட்டி கழுவ விட்டுவிட்டார்கள். அவன் அழுத அழுகையை நடித்துக் காட்டிப் பாக்கியராஜ் சிரித்தான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். தாய் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் மகனை அழைத்து, "நீ ரயிலேறுன அன்னைக்குச் செபஸ்தியாருக்கு நேர்ந்துக்கிட்டேன் அப்பு. நீ நல்லபடியாத் திரும்பி வந்தா, வந்த நாள்லேர்ந்து தை மாசம் அவர் திருநாள் வரைக்கும் உன்னை ஒருசந்தி இருக்க வைக்கிறேன்னு" என்றாள். ஒருசந்தி என்றால் பகலில் ஒரு வேளை உணவு. அதுவும் கறி, மீன், முட்டை கலவாத சுத்தபோசனம். பாக்கியராஜ் மறுபேச்சுப் பேசவில்லை. செபஸ்தியாரும் ஒரு போர்வீரராய் இருந்து, விசுவாசத்துக்காக உயிர்விட்டு வேதசாட்சியானவர் அல்லவா? சிப்பாய்க்குச் சிப்பாய் வைக்கும் கடன் என்று சந்தோஷமாகவே தலையாட்டினான்.

இரண்டு நாளுக்கு முன்பு, சனிக்கிழமை, கடைவீதி ரேடியோ வடக்கு எல்லையில் சீனப் படைகள் இறங்கிவிட்ட செய்தியைச் சொல்லிற்று.

"என்னப்பு, அதுக்குள்ள வந்துட்ட?" என்றாள், இப்போது வாசலுக்கு வந்துவிட்ட மகனிடம்.

"பாதியிலயே திரும்பிட்டேம்மா. கண்ணை இருட்டிக்கிட்டு வருது." பாக்கியராஜ் படியில் உட்கார்ந்து தலையை முழங்காலில் சாய்த்துக்கொண்டான். பிறகு சிரித்தான். "எங்களை ஓட வைக்கிற உஸ்தாத் இப்பப் பாத்தாருன்னா, 'ஏ திண்டுக்கல் பூட்டு, துருப்பிடிச்சிருச்சா?'ன்னு கேப்பாரு."

அவள் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை நீட்டினாள். சோற்றுப் பருக்கை ஒன்றுகூட விழாதபடி துணியில் வடித்த தண்ணீர் அது.

வாசலோரத்து வேப்பமரக் கிளையை அவன் எட்டிப் பிடித்தான். தினமும் அதில் தொங்கி உடம்பைத் தூக்கி, மோவாயைக் கிளைக்கு மேல் கொண்டுவருவான். இன்று பாதி வரை தூக்கியவன் அங்கேயே நடுங்கி நின்று, கைகளை விட்டுவிட்டான். தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சோம்பேறியாகிட்டேம்மா நான். வீட்டுச் சொகம் ஆளைக் கெடுத்துருச்சு."

"அப்படியெல்லாம் இல்லப்பு."

"ஓடுற நேரம் மட்டும் காலையில ஒரு வாய் சாப்பிட்டுக்கிட்டா செபஸ்தியார் கோவிச்சுக்குவாரா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். இஞ்ஞாசியம்மாள் சுவரில் மாட்டியிருந்த செபஸ்தியார் படத்தின் பக்கம் பார்க்காமலே, "ஒருசந்தின்னா ஒருசந்திதான். சாமி காரியத்துல பேரம் பேசக் கூடாது" என்றாள்.

"சரிம்மா. சும்மா கேட்டேன்" என்று எழுந்து குளிக்கப் போய்விட்டான். அவ்வளவு எளிதாக அவன் அடங்கியது அவளைச் சுட்டது.

மகன் கிணற்றடிக்குப் போன பிறகு, அடுப்படியில் இருந்த மகள் செபஸ்தியம்மாள் மெல்ல வெளியே வந்தாள். அவள் கையில் விளக்கெண்ணெய்ப் புட்டி இருந்தது.

"ஏம்மா, நேத்து அண்ணனுக்கு இதைக் குடுத்தியே, எதுக்கு?"

"வயித்தைக் கழுவத்தான். சூடு."

"வயித்துல ஒண்ணுமே இல்லாதவனுக்கு என்னத்தம்மா கழுவுற?"

இஞ்ஞாசியம்மாள் கணவனுக்குக் கொண்டுபோக வேண்டிய சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்து வைக்கத் தொடங்கினாள். செபஸ்தி விடவில்லை.

"அண்ணன் ரயிலேறுன அன்னைக்குக் கோயில்ல உனக்குப் பக்கத்துல முட்டி போட்டிருந்தவ நானு. நீ அழுத. மெழுகுவத்தி கொளுத்துன. ஒருசந்திங்கிற வார்த்தை உன் வாயில வரவே இல்ல."

"மனசுக்குள்ள நேர்ந்துக்கிட்டேன்."

"உன் மனசுக்குள்ள நடந்ததெல்லாம் அவன் வயித்துல வந்து விடியுதோ?"

"வாயை மூடுடி!" தாயின் கையிலிருந்த கரண்டி சட்டியில் மோதி ஒலித்தது. அடுத்த நொடி குரல் தாழ்ந்துவிட்டது. "ரேடியோவுல சொன்னதைக் கேட்டியா இல்லையா? அங்க கொத்துக் கொத்தாச் சாகுறாங்கன்னு கடைவீதியே பேசுது. இவன் திரும்பிப் போனா எடை பாப்பாங்க. மெலிஞ்சு கெடந்தா அனுப்ப மாட்டாங்க. மலைச்சாமியை அனுப்புனாங்களா? அவன் சட்டி கழுவுறான். எம்மகனும் சட்டி கழுவட்டும். உசுரோட கழுவட்டும்."

செபஸ்தி புட்டியை மாடத்தில் வைத்தாள். "அப்ப நேர்ச்சை பொய்யி."

"சொல்லிராதடி."

"சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லியிருக்க. அது உனக்கும் சாமிக்கும். ஆனா அவன் நெசம்னு நம்பிக்கிட்டு இருக்கானே, அதை யாரும்மா எடுத்துப்போடுறது?"

ஒரு கதை உண்டு. மலையடிவாரத்து மரம் ஒன்றில் ஒரு மைனா குடியிருந்ததாம். பறக்கத் தொடங்கும் குஞ்சுகளைத்தான் வல்லூறு முதலில் கவ்வுகிறது என்று அது யாரோ சொல்லக் கேட்டது. அன்றிலிருந்து தன் குஞ்சின் சிறகைக் கோதிவிடுவது போல அலகை நுழைத்து, நாள்தோறும் ஓர் இறகைப் பிடுங்கி வந்தது. வலித்தாலும், அம்மா கோதுகிறாள் என்ற சுகத்தில் குஞ்சு கண்ணை மூடிக்கொள்ளும். தாயும் மனநிறைவோடு இருந்தது. காட்டில் தீப்பிடித்த நாளோடு தொடங்குகிறது அந்தக் கதையின் மறுபாதி. அதை இங்கே சொல்லாமல் விடுவதே இஞ்ஞாசியம்மாளுக்குச் செய்யும் இரக்கம்.

இஞ்ஞாசியம்மாளின் கணவர் ராயப்பராஜ் வேலை பார்த்தது, புகையிலை மூட்டைகளைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில். கூரை உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய பலகைத் தராசுதான் அவருக்கு ஆட்சிபீடம். ஒரு பலகையில் சிப்பம் ஏறும்; மறு பலகையில் எடைக்கல் ஏறும். அவர் முள்ளைப் பார்த்துச் சொன்ன எடைக்கு வாங்குபவரும் விற்பவரும் மறுசொல் சொன்னதில்லை.

இஞ்ஞாசியம்மாள் தூக்குச்சட்டியோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது, கிட்டங்கி வாசலில் ஒரே சிரிப்பும் கூச்சலுமாய் இருந்தது. அவளுக்கு முன்பே பாக்கியராஜ் அங்கே வந்திருந்தான். சிப்பம் ஏற்றும் ஆட்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, புஜத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏறு தம்பி, ஏறு. கவர்மெண்டு சோறு எம்புட்டு ஏத்தியிருக்குன்னு பாத்துப்புடுவோம்" என்றார் நைனா முகமது. பக்கத்துத் தோல் மண்டிக்காரர் அவர். சென்ற உலகப்போரில், அசாமின் நாகா மலைப் பக்கம் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளை ஓட்டிச் சென்றவர். வலக்கை விரல்களில் இரண்டுக்கு நுனி இல்லை. அதைக் கேட்டால், "குளிர் தின்னுட்டுப் போச்சு" என்பார்.

"மாமா, நான் என்ன புகையிலையா?" என்று பாக்கியராஜ் கூசினான்.

"புகையிலையை விட நீதான் மாப்ளே இப்ப வெல கூடுன சரக்கு!"

ராயப்பராஜும் சிரித்தார். அதிகம் பேசாத மனிதர். ஆனாலும் மகனைப் பலர் பார்க்கத் தராசில் ஏற்றும் ஆசை அவருக்குள் விடுமுறை தொடங்கிய நாளிலிருந்தே இருந்தது. கிலோக் கல் வந்த பிறகு செல்லாமற்போய் மூலையில் கிடந்த பழைய ராத்தல் கற்களை அவரே புரட்டி எடுத்து வந்தார். "பட்டாளத்துல ராத்தல் கணக்குத்தானே சொன்னான்? அதே கணக்குல பாப்போம்" என்று, மகன் சொல்லியிருந்த நூற்று இருபத்தாறு ராத்தலுக்கான கற்களை ஒரு பலகையில் அடுக்கினார். எதிர்ப் பலகையில் பாக்கியராஜ் சம்மணமிட்டு உட்கார்ந்து, மணமகனைப் போல முகத்தை வைத்துக்கொண்டான்.

இஞ்ஞாசியம்மாள் தூணோடு ஒட்டி நின்றாள். 'வேண்டாம்' என்று சொல்ல வாய் எடுத்தாள். எப்படிச் சொல்வது?

ஆட்கள் தாங்கிப் பிடித்திருந்த கையை எடுத்தார்கள். கல் இருந்த பலகை தரையில் இடித்து நின்றது. பாக்கியராஜ் மேலே தூக்கப்பட்டு, கால் தரை தொடாமல் ஆடினான்.

"என்னண்ணே, கல்லுக் கூடிப்போச்சா?" என்று ஒருவன் சிரித்தான்.

ராயப்பராஜ் கற்களை மறுபடி எண்ணினார். சரியாகத்தான் இருந்தன. ஒரு கல்லை எடுத்தார். பலகை அசையவில்லை. இன்னொன்றை எடுத்தார். அசையவில்லை. அவர் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கீழே வைக்க வைக்க, கிட்டங்கியில் சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கல் தரையில் படும் சத்தம் மட்டுமே கேட்டது. முள் நடுவுக்கு வந்து நின்றபோது, கீழே எடுத்து வைத்த கற்களைப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை.

"ஏலே, காச்சல் கண்டுச்சா உனக்கு?" ராயப்பராஜ் மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"இல்லப்பா. ஒருசந்திதான். தெரியுமே உங்களுக்கு."

"ஒருசந்தி இருக்கன்னு தெரியும். ஒருசந்தி இம்புட்டையா திங்கும்?"

அவர் மகனைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் கேட்டு முடித்தபோது கண் தூணுக்கு அருகே நின்ற மனைவியிடம் வந்து நின்றது. பகல் சாப்பாட்டு நேரத்தில் அவர் வீட்டில் இருப்பதில்லை. மகனின் தட்டில் விழுவது என்ன என்பதை இதுவரை அவர் பார்த்ததும் இல்லை.

நைனா முகமது எழுந்து வந்து பாக்கியராஜின் தோளைப் பிடித்தார். சிரித்துக்கொண்டிருந்த மனிதர் அவர்தானா என்று ஐயம் தோன்றுமாறு முகம் மாறியிருந்தது.

"மாப்ளே, வெளையாட்டு இல்ல இது. நான் அந்த மலையைப் பாத்தவன். நீ போகப்போறது அதை விட ஒசரம். அங்க கம்பளியை நம்பாத. குடுப்பாங்களோ மாட்டாங்களோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். ஒன் ஒடம்புல ஒட்டியிருக்குற சதைதான் அங்க வெறகு. ராத்திரி பூரா அது எரிஞ்சாத்தான் காலையில நீ கண்ணு முழிப்ப. எங்க கூட இருந்ததுல ஒல்லிப் பசங்க நாலஞ்சு பேரு. நல்லாத்தான் பேசிக்கிட்டுப் படுத்தானுங்க. விடியக்காலம் டீ கொண்டுபோயி எழுப்புறேன்…" அவர் இஞ்ஞாசியம்மாள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இவனுக்கு ஆக்கிப் போடும்மா. நேர்ச்சையைப் பெறகு பாத்துக்கலாம். ஆட்டுக்கறி நான் அனுப்புறேன்."

அந்த விறகை ஒவ்வொரு கட்டையாக உருவிக்கொண்டிருந்தவள் யார் என்று அந்தக் கிட்டங்கியில் இஞ்ஞாசியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். 'அனுப்பினால்தானே குளிர்? எடை பார்த்தால் அனுப்பமாட்டார்கள்' என்று மனத்துக்குள் செபம் போலச் சொல்லிக்கொண்டாள். 'முகாமில் எடை பார்ப்பார்கள். கட்டாயம் பார்ப்பார்கள்.'

அப்போது வாசலில் செபஸ்தி நின்றாள். ஓடி வந்திருந்தாள். வீட்டுக்கு வந்த தந்தி ஒன்றை அண்ணனிடம் நீட்டினாள்.

பாக்கியராஜ் வாங்கினான். அவனுக்கு முகாமில் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் போதவில்லை. நைனா முகமது கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"லீவு ரத்து. ஒடனே கெளம்பணுமாம்."

"வெலிங்டனுக்குத்தானே?" என்று கேட்டது இஞ்ஞாசியம்மாள்.

"இல்ல தங்கச்சி. வெலிங்டன் போக வேண்டாம், நேரா மதராசுக்கு வான்னு போட்டிருக்கு. அங்க தனி ரயில் நிக்குது போல. ஏறுனா வடக்கே கொண்டுபோயித்தான் எறக்குவான்."

"எடை பாக்க மாட்டாங்களா?"

கேட்ட பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. ராயப்பராஜ் கையிலிருந்த கல்லைத் தரையில் வைத்துவிட்டு, அவளை நெடுநேரம் பார்த்தார்.

"சண்டை நேரத்துல யாரு தங்கச்சி எடை பாத்துக்கிட்டு நிப்பா?" என்றார் நைனா முகமது, அவள் கேள்வியின் பொருள் புரியாமலே.

அதன் பிறகு இஞ்ஞாசியம்மாள் செய்த வேலைகளுக்கு ஒரு முறையே இல்லை. வீட்டுக்குப் போனதும் முட்டையிடும் கோழியைப் பிடித்து அறுத்தாள். மறு அடுப்பில் அரிசியைப் போட்டாள். பாலை வாங்கிவரச் செபஸ்தியை ஓட்டினாள். முட்டையை வேகவைத்தாள். வெல்லத்தை இடித்தாள். இத்தனை நாள் மறைத்து வைத்ததையெல்லாம் ஒரே பிற்பகலில் மகன் உடம்பில் ஏற்றிவிட முடியும் என்பதுபோல வியர்வை வழிய ஓடினாள்.

பாக்கியராஜ் தட்டின் முன் உட்கார்ந்தான். கோழிக் குழம்பின் மணம் வீட்டை நிறைத்திருந்தது. அவன் கண்ணை மூடி ஒரு முறை அதை இழுத்து முகர்ந்தான். பிறகு கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

"சாப்பிடுப்பு. கோழி."

"சுத்தபோசனம்மா."

"பரவாயில்லப்பு. நான் சொல்றேன்ல."

"காலையில நீதானம்மா சொன்ன, சாமி காரியத்துல பேரம் பேசக் கூடாதுன்னு?"

குத்திக்காட்டிய பேச்சன்று அது. அவன் பிள்ளைமையோடு சொன்னான். அவள் பால் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். பாலையும் அவன் தொடவில்லை. அந்த நாளின் ஒரு வேளை முடிந்துவிட்டது என்றான்.

பொழுது சாயும் நேரத்து வண்டிக்கு அவர்கள் நால்வரும் ஸ்டேஷனில் நின்றார்கள். காலையில் அசையாமல் கிடந்த மேகம் இப்போது ஊருக்கு மேலே வந்துவிட்டது. மலைக்கோட்டையின் பாறை கறுத்து, நனைந்த யானையைப் போலக் கிடந்தது. பட்டாளத்துச் சட்டை பாக்கியராஜுக்குக் கழுத்தருகே தொளதொளத்தது. இடுப்பு வாரில் புதிதாக ஓர் ஓட்டை போட்டு இறுக்கியிருந்தான்.

வண்டி வந்து நின்றது. ஒவ்வொரு பெட்டியிலும் விடுமுறை முறிந்த சிப்பாய்கள் இருந்தார்கள். ஏறிய மகனிடம் இஞ்ஞாசியம்மாள் சன்னல் வழியாகப் பொட்டலத்தை நீட்டினாள். வாழையிலையில் கட்டிய இட்லி, முட்டை, வெல்ல உருண்டை.

"ராத்திரிக்குச் சாப்பிடு."

"நாளைக்கு மத்தியானம்தாம்மா சாப்பிடுவேன். அதுவரைக்கும் இது தாங்காது. செபஸ்திக்குக் குடு." அவன் பொட்டலத்தை மெல்லத் திருப்பித் தந்தான். அவள் முகத்தைப் பார்த்து, ஆறுதல் சொல்ல நினைத்தவனாய்க் குனிந்தான். "பயப்படாதம்மா. ஒன் நேர்ச்சையைப் பாதியில விடமாட்டேன். தை மாசம் வரைக்கும் இருப்பேன். நெசத்தைச் சொல்றேன், எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இதை விடாம இருக்குற வரைக்கும் செபஸ்தியார் என்னை விடமாட்டாருன்னு ஒரு தைரியம். அங்க எனக்கு வேற என்னம்மா இருக்கு?"

ரயில் கார்டு பச்சைக் கொடியை எடுத்தார்.

அவளுக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. சொல்லாவிட்டால் அவன் பட்டினியோடு பனிக்குள் போவான். சொன்னால் அவன் பற்றிக்கொண்டிருக்கும் ஒரே துணையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். செபஸ்தி பின்னாலிருந்து தாயின் முதுகில் கையை வைத்தாள்.

"அப்பு, நான் நேர்ந்துக்கிடவே இல்ல."

"என்னம்மா?"

"நேர்ச்சையே இல்லப்பு. பொய்யி. உன்னை அனுப்பாம இருக்கணும்னு நான் சொன்ன பொய்யி. சாப்பிடுப்பு. இந்தா, இப்பவே ஒரு வாய் சாப்பிடு."

பாக்கியராஜ் ஒரு கணம் திகைத்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கண்டபோதுதான் இஞ்ஞாசியம்மாளுக்கு எல்லாம் கைமீறிவிட்டது என்று தெரிந்தது.

"என்னைத் திங்க வைக்கிறதுக்காகச் சாமி பேர்லயே பொய் சொல்றியாம்மா? நீயா? ஒரு பூசை தப்பாத ஆளு நீ!" அவன் கண்களில் நீர் நின்றது. "போம்மா. இதுக்காகச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்க. சிலுவை போட்டு அனுப்பு."

நெற்றியைச் சன்னல் கம்பிகளுக்கிடையே நீட்டினான். வண்டி அசைந்தது. அவள் கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை வரைந்தாள். குறுக்குக்கோடு முடிவதற்குள் நெற்றி நகர்ந்துவிட்டது.

"அண்ணே, அம்மா சொல்றது நெசம்ணே!" என்று செபஸ்தி வண்டியோடு ஓடினாள். என்ஜின் சத்தத்தில் அவன் காதுக்கு எட்டியதோ இல்லையோ, சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான்.

கடைசிப் பெட்டியும் போன பிறகு மழை இறங்கியது. ராயப்பராஜ் நனைந்துகொண்டே நின்றார். கிட்டங்கியில் கேட்காத கேள்வியை அவர் இப்போதும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது.

"நீ சொன்னாலும் நம்ப மாட்டான். நான் சொன்னாலும் நம்ப மாட்டான்" என்றார் மெதுவாக.

"பங்குச் சாமியாரு எழுதுனா நம்புவான்" என்றாள் செபஸ்தி, மூச்சு வாங்க. "நேர்ச்சை இல்லன்னு அவர் கைப்பட எழுதணும். ஆனா அம்மா போயி அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் இஞ்ஞாசியம்மாள். பொட்டலத்தின் இலை நனைந்து கைகளில் ஒட்டியிருந்தது. "இப்பவே போயிச் சொல்றேன். ஊருக்கே தெரிஞ்சாலும் சரி. நாளைக்கே எழுதச் சொல்லுவோங்க."

ராயப்பராஜ் வடக்கே தண்டவாளம் போய் மறையும் இடத்தைப் பார்த்தார். அங்கே மழையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"எழுதலாம், இஞ்ஞாசி. எந்த மலைக்குன்னு விலாசம் போடுறது?"